சார்பெழுத்து

கட்டபெட்டில் மழை மேலிருந்து மட்டும் வராது.
ஜன்னல் வழியாக நுழைந்து
எடைச்சீட்டின் மேல் உட்கார்ந்துகொள்ளும்.
பச்சைத்தேயிலை நனைந்து வரும்.
நனைந்ததற்குக் கழிவு, நூற்றுக்கு எட்டு.
அந்த எட்டை அடிப்பவள் நான்.

இடது கை எனக்கு மணிக்கட்டு வரைதான்.
மீதி, ஒரு நைட் ஷிஃப்டில் ரோலருக்குப் போனது.
ஈடாகக் கம்பெனி கொடுத்தது
ஒரு நாற்காலி, ஒரு கம்ப்யூட்டர்,
அளவு பெரிதான ஒரு ஸ்வெட்டர்.

கன்ட்ரோலையும் எஸ்ஸையும் சேர்த்துப் பிடி என்றார்கள்.
எந்தக் கையால் என்று சொல்லவில்லை.

குளிரில் விறைத்த விரல் ஒருநாள்
ஷிஃப்ட்டை ஐந்து தரம் தட்டிவிட
திரை கேட்டது:
ஒவ்வொன்றாக அழுத்துகிறாயா, காத்திருக்கட்டுமா?
முப்பத்தொரு வயதில்
யாரும் என்னிடம் கேட்டிராத கேள்வி.
ஆமாம் என்றேன்.

அன்றிலிருந்து கன்ட்ரோலைத் தட்டிவிட்டுக் கையை எடுத்துவிடலாம்.
உயிருமில்லை, மெய்யுமில்லை.
பள்ளியில் மனப்பாடம் செய்த சார்பெழுத்து மாதிரி
தனியாக அது எதுவும் சொல்லாது;
அடுத்தது வரும்வரை
மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.
எஸ் வந்தால் சேமிக்கும்.
இசட் வந்தால் செய்ததை இல்லையென்று ஆக்கும்.
சில்வர் ஓக் கிளை கம்பியில் சாய்ந்தால்
கரண்ட் போகிற ஊர் இது.
வரிக்கொரு தரம் கன்ட்ரோல், எஸ்.
தூக்கத்திலும் என் விரல் தட்டுகிறதாம்.

வெள்ளிக்கிழமை மேனேஜர் இம்மானுவேல்
பின்னால் நின்று, டீயை உறிஞ்சிக்கொண்டே,
"எல்லா எட்டையும் பன்னிரண்டாக்கிடு, பவளமணி."

கன்ட்ரோல். காத்திருந்தது. ஸ்பேஸ்.
கழிவு வரிசை மட்டும் நிறம் மாறியது.
கன்ட்ரோல். காத்திருந்தது. எச்.
ஆல்ட். அதுவும் காத்திருந்தது. ஏ.
நானூற்றுப் பன்னிரண்டு மாற்றங்கள் முடிந்தன என்றது திரை.
ஆலனின் நாற்பது கிலோவில்,
ரங்கியின் பதினேழில்,
செவ்வாய்க்கிழமை நல்ல வெயிலில் பறித்து
மாதி கொண்டுவந்த
சொட்டு ஈரமில்லாத இலையிலும்.

அவர் போனார்.
நான் சேமிக்கவில்லை.
தினமும் நாலு மணிக்குப் போகிற கரண்ட்டுக்காகக்
கையை மடியில் வைத்துக் காத்திருந்தேன்.
யுபிஎஸ் பேட்டரி செத்து ஆறு மாதம்.
காற்று இருந்தது. மரமும் ஆடியது.
நாலு. நாலரை. ஐந்து.
அன்றைக்கென்று பார்த்து
கல்யாண வீடு மாதிரி எரிந்தது பல்பு.

ஐந்து நாற்பதுக்கு ஆல்ட், பிறகு எஃப் நாலு.
மாற்றங்களைச் சேமிக்கவா என்று கேட்டது.
வெளியே அரவேணு பஸ் ஹாரன் அடித்தது.
இதற்குக் கன்ட்ரோல் வேண்டாம்,
ஆல்ட் வேண்டாம்,
எதுவும் எதற்காகவும் காத்திருக்க வேண்டாம்.
ஒரே எழுத்து.
என்.

அழுத்திவிட்டு ஸ்வெட்டர் கையை இழுத்துவிட்டு எழுந்தேன்.
திங்கட்கிழமை கேட்பார்.
கரண்ட் போயிடுச்சு சார் என்று சொல்லலாம்.
சொல்வேனா, இன்னும் தெரியவில்லை.