நாற்பத்தொன்றாம் எண்

தார்த்து நகரில் மார்ச் மாதம்.
ஆற்றின் பனி இன்னும் உடையவில்லை.
எமயோகி என்று அந்த ஆற்றுக்குப் பெயர்.
எம என்றதும் எனக்கு எருமையும் பாசக்கயிறும்.
எஸ்தோனியர்களுக்கோ எம என்றால் தாய்,
எமகாஸ் என்றால் கருப்பை.
சொல்லிவிட்டுச் சிரித்தாள் ஊர்வே,
மூன்றாம் மாடி ஆய்வகத்தில்
திசுக்களுக்குச் சாயம் ஏற்றுகிறவள்.

நேற்று வந்தது நாற்பத்தொன்றாம் எண்.
அறுவை மேசையில்,
முன்பே வாங்கிய ஒரு கையெழுத்தின் பேரில்
கருப்பைச் சுவரிலிருந்து கிள்ளிய
அரிசியளவு சதை.
மெழுகில் புதைத்தாள், சீவினாள்,
கண்ணாடியில் படிய விட்டாள்.
இனிப் பழுப்பு நிறம் எங்கே பிடிக்கிறதோ
அங்கெல்லாம் ஒரு காது,
ஆக்ஸிடோசின் வந்து கூப்பிட்டால்
திரும்பிப் பார்க்கத் தெரிந்த காது.

ஊர்வே பிறந்தது சாரெமா தீவில்,
செம்மறிகளுக்கு நடுவில்.
ஆட்டுக்கு எல்லாம் எளிது என்பாள்:
"பொறு, பொறு" என்று
மாதக்கணக்கில் ரத்தத்தில் ஓடிய புரோஜெஸ்ட்ரோன்
ஒருநாள் வாயை மூடும்.
விடிவதற்குள் குட்டி ஈரத்தோடு எழுந்து நிற்கும்.
மனுஷிக்கு அப்படியில்லை.
கடைசி வலிவரை அதே குரல்,
அதே "பொறு".
சொல்வது நிற்பதில்லை,
கேட்பதுதான் நின்றுபோகிறது.
எந்த இரவில், எந்தச் செல்லில் முதலில்?
பதினோரு வருடமாக எண்ணுகிறாள்,
தெரியாது.

நாற்பத்தொன்று வெளிறிக் கிடந்தது.
லென்ஸை மாற்றினாள்.
சாயம் கெட்டுவிட்டதோ என்று
முப்பத்தெட்டை எடுத்து வைத்துப் பார்த்தாள்.
அது மழைக்குப் பின் ஈசல் புற்றுபோல்
பழுப்பாய் மொய்த்திருந்தது.
சாயத்தில் பிழையில்லை.

கூடவே வந்த தாளில்:
வயது 29. முதல் பிரசவம்.
பத்தொன்பது மணி நேரம் மருந்துச் சொட்டு.
பிறகு அறுவை. ஆண் குழந்தை.
கீழே யாரோ கிறுக்கியிருந்தார்கள்:
உடல் ஒத்துழைக்கவில்லை.

பத்தொன்பது மணி நேரம்
காதே முளைக்காத வீட்டின் கதவைத் தட்டியிருக்கிறார்கள்.
அவளிடமும் இதே வாக்கியத்தைச் சொல்லியிருப்பார்களா?
பாலூட்டும்போது அதை நினைத்துக்கொள்வாளா?
கேட்க வழியில்லை.
எண்ணுக்குப் பெயர் கிடையாது,
அது சட்டம்.

எண்கள் மட்டும் எழுதவேண்டிய கட்டத்தில்
ஊர்வே பென்சிலால் எழுதினாள்:
மறுக்கவில்லை. கேட்கவே இல்லை.
திங்கட்கிழமை தலைவர் ரப்பரால் அழித்துவிடுவார்.
அது அவளுக்கும் தெரியும்.

பேருந்துக்குப் போகும் வழியில்
பனியில் துளையிட்டு
கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்தான் ஒருவன்.
"எப்போது உடையும்?"
தோளைக் குலுக்கினான், தூண்டிலை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

நிறுத்தம் வந்ததும் பொத்தானை அழுத்தினாள்.
நகக்கண்ணில் கொஞ்சம் பழுப்பு,
முப்பத்தெட்டினுடையது.