தொண்ணூற்றொன்பது

எங்கள் அட்டவணையில்
ஆள் கிடைக்கவில்லை என்றால் தொண்ணூற்றொன்பது.
மனிதர்கள் ஒன்றிலிருந்து ஐந்துவரைதான் இருப்பார்கள்,
அதனால் அந்த எண்ணோடு யாரும் மோதமாட்டார்கள்
என்றார் ஓடிஸ் ஹால்வர்சன், புள்ளியியலாளர்,
சாண்ட்விச்சின் ஓரத்தைக் கிள்ளி எறிந்தபடி.

0417 என்னுடைய ஆள்.
டுலூத்தில் ஜனவரி. ஏரி பாறையாகிக் கிடந்தது.
மூடிப்போன செருப்புக்கடையின் மாடியில்
வேலை மறுவாழ்வு அலுவலகம். ஹீட்டர்,
யாரோ உள்ளே மாட்டிக்கொண்டதுபோல் தட்டிக்கொண்டிருக்கும்.
மார்வா கின்னுனென் கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தாள்.
ஓட்டல் சலவையறையில் பதினோரு நாள் வேலை பார்த்தாளாம்.
பன்னிரண்டாம் நாள், சுழலும் உலர்த்தியின் வயிற்றுக்குள்ளிருந்து
அவள் பெயரை முழுசாக,
நடுப்பெயரும் விடாமல் கூப்பிட்டார்கள்.
"ஈரத் துணியை அப்படியே விட்டுட்டு வந்துட்டேன்.
அதை எங்கே எழுதுவே?"
அதற்குக் கட்டம் இல்லை.

கேள்வி பதினான்கைப் படித்தேன்:
உங்கள் வாழ்க்கை உங்கள் கையில் இருக்கிறது.
கொஞ்சமும் இல்லை, ஒன்று. முழுமையாக, ஐந்து.
அவள் இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்தாள்.
மருந்தின் நடுக்கம். பேனா மூடி உருண்டு விழுந்தது.
"எந்தக் கையைக் கேக்குறே?"
நான் இரண்டு என்று வட்டமிட்டேன்.
அவள் சொல்லாததை நான் எழுதிய
ஒரே இடம் அது. யாரிடமும் சொன்னதில்லை.

ஆறாம் மாதம் கடிதம் போட்டேன்.
மஞ்சள் ஒட்டுச்சீட்டோடு திரும்பி வந்தது.
தொலைபேசியில் ஒரு பதிவுக்குரல் மன்னிப்புக் கேட்டது.
விதிப்படி மூன்று முயற்சி. நான் நான்கு செய்தேன்.
ஆலோசகர் லூவெலா கோப்பை மூடிவிட்டார்.
இருபது டாலர் பரிசு அட்டை
இழுப்பறையில் கிடக்கிறது.
பன்னிரண்டாம் மாதமும் தொண்ணூற்றொன்பது. பதினெட்டாம் மாதமும்.
ராத்திரிகளில் அந்த எண்ணுக்கு
முடிவுகள் யோசித்தேன்: பாலம், மருத்துவமனை, பனி.
நல்ல முடிவு ஒன்றுகூட எனக்குத் தோன்றவில்லை.
மீட்சியை ஆராய்வதற்குச் சம்பளம் வாங்குகிறவள் நான்.

வீட்டுச் சாவிக்கு நகல் எடுக்கப் போன சனிக்கிழமை,
இரும்புக்கடையின் கடைக்கோடியில்
பச்சை ஏப்ரன், பாதுகாப்புக் கண்ணாடி, அவள்.
ஒப்பந்தப்படி நான் அவளை அறியாதவள்.
அவளாக முதலில் பேசினாலன்றி
என் முகத்தில் ஒன்றும் தெரியக்கூடாது;
அந்தத் தாளில் என் கையெழுத்து இருக்கிறது.
சாவியை நீட்டினேன்.

கை இன்னும் நடுங்குகிறது.
முழங்கையை மேடையில் ஊன்றி,
நடுக்கம் ஒரு மூச்சு ஓயும் இடம் பார்த்துச்
சாவியை இயந்திரத்தின் வாயில் கொடுத்தாள்.
பித்தளைத் துகள் பறந்தது.
அந்த இரைச்சலுக்குள், தோளுக்குப் பின்னால் யாரிடமோ,
அதட்டாமல்:
"இரு. வேலையா இருக்கேன்ல. அஞ்சு மணிக்குப் பேசலாம்."

காத்திருந்தார்கள் போலும்.

என்னிடம்: "ரெண்டு டாலர் எழுபத்தொன்பது.
புதுச் சாவி முதல்ல முரண்டு பிடிக்கும்,
லேசாத் தூக்கித் திருப்பணும்.
ஆகலேன்னா கொண்டு வாங்க."
அடையாளம் தெரிந்ததா, தெரியாது.
சில்லறையை ஒவ்வொன்றாக என் உள்ளங்கையில் வைத்தாள்.
ஒரு காசு தவறி உருண்டது.
குனிந்து அவளே எடுத்தாள்.

திங்கட்கிழமை ஓடிஸ் விளக்கினார்:
விடுபட்டவர்கள் தற்செயலாய் விடுபட்டதாகக் கொள்வோம்,
இல்லாவிட்டால் கணக்கு நகராது.
திரையில் முப்பத்தெட்டு தொண்ணூற்றொன்பதுகள்.
அதில் எத்தனை பேர் எங்கோ ஷிஃப்டில் நிற்கிறார்கள்,
போன் நம்பரை மாற்றிக்கொண்டு,
எங்கள் இருபது டாலருக்கு நேரமில்லாமல்?
எத்தனை பேர் நான் யோசித்தபடியே ஆனார்கள்?
வாயைத் திறந்தேன்.
சொன்னால் அவளைக் கண்டுபிடித்ததாகிவிடும்.
எங்களிடமிருந்து தொலைய
அவள் எவ்வளவு பாடுபட்டாளோ.

பழைய படிவத்தை எடுத்தேன்.
கேள்வி பதினான்கில் என் வட்டத்தின் குறுக்கே ஒரு கோடு,
பக்கத்தில் முதலெழுத்து, தேதி.
"இங்கே என்ன போட?" என்றார் ஓடிஸ்.
தொண்ணூற்றொன்பது என்றேன்.

அன்று மாலை, கதவில் சாவி முரண்டு பிடித்தது.
லேசாகத் தூக்கித் திருப்பினேன்.
இன்னொரு தடவை.