வெயிட்டிங் சார்ஜ்

நாளை இங்கிலீஷ் லிட்ரேச்சர்.
ஐந்து அங்க நாடகத்தை
ஹைலைட்டரால் மெழுகியாயிற்று:
மஞ்சள் பேராசைக்கு,
பச்சை பொறாமைக்கு,
இளஞ்சிவப்பில் மை தீர்ந்துவிட்டதால்
காதலுக்குப் பென்சில்.

ஓட்டேரியில் இரவு பத்தரை.
மாடி வீட்டு ஏசித் தண்ணீர்
எங்கள் ஜன்னல் தகரத்தில் சொட்டுகிறது.
புத்தகத்திலும் மழைதான்.
அதற்கு ஓர் அர்த்தம் உண்டென்று
மிஸ் போர்டில் எழுதிப்போட்டார்கள்:
குற்ற உணர்வு. இரண்டு மார்க்.

போனில் ஷெரின் கேள்வி கேட்கிறாள்.
பிரபு ஏன் உயிலைக் கிழிக்கிறார், ஐந்து காரணம்.
நான்கு சொல்லிவிடுவேன்.
ஐந்தாவது மட்டும்
தினமும் சாவியை வைத்து மறக்கிற இடம்.
"ப்ரைடுடீ, ப்ரைடு" என்கிறாள்.
ப்ரைடு. ப்ரைடு.
பேட்டில் ஒரு கொசு பட்டென்று வெடிக்கிறது.

ஏர்போர்ட் ட்ரிப் கேன்சலாகி
அப்பா சீக்கிரம் வந்துவிட்டார்.
வெள்ளைச் சட்டையை ஆணியில் மாட்டியபடி
"இன்னாம்மா கதை?"
சொன்னால் எனக்கும் ரிவிஷன்.
தமிழில் சொல்லச் சொல்ல
பிரபு எங்கள் ஹவுஸ் ஓனராகிக்கொண்டு வந்தார்;
மூத்த மகன் வாயைத் திறந்தால் சித்தப்பா.
விருந்து, சண்டை, விஷக் கிண்ணம்,
கதவைத் திறக்காத கடைசி மகள்.
நடுவில் வேலைக்காரன் ஒருவன்.
"வண்டி தயார், ஐயா" என்பான், போவான்.
முடிவில் ஒருமுறை வந்து
"வண்டி இன்னும் நிற்கிறது, ஐயா."
அவன் தேவையில்லை அப்பா,
மைனர் கேரக்டர் என்று கைடிலேயே இருக்கிறது.

தோசையில் வைத்த கையை எடுக்காமல் கேட்டார்:
"அப்போ வண்டிக்காரன்?"
எந்த வண்டிக்காரன்?
"வண்டி நிக்குதுன்னா ஆளு இருப்பான்ல.
எப்பலேர்ந்து நின்னுகினு கீறான்?"

புரட்டிப் பார்த்தேன்.
மூன்றாம் அங்கத்தில் வந்த வண்டி.
ஐந்தாம் அங்கத்தில் சேவல் கூவிவிட்டது.
நாற்பத்தாறு பக்கம். மழை.

"துன்னானா?"
எழுதவில்லை.
"ஒண்ணுக்குப் போவ எடம்?"
அப்பா!
"குதிரைக்காவது சாக்கு போத்துனானா?"
தெரியாது அப்பா, அதெல்லாம் கேட்க மாட்டார்கள்.
"எட்டு மணி நேரம். வெயிட்டிங் போட்டாலே..."
விரல்விட்டு எண்ணத் தொடங்கியவர்
எந்த ஊர்க் காசு என்று தெரியாமல் நிறுத்தினார்.
"பெரிய மனுசனுக்கு ஆயிரம் வருத்தம் இருக்கட்டும்,
நீ கெளம்புப்பான்னு
ஒரு வார்த்தை சொல்லி அனுப்பலாம்ல."
படிக்கிற பிள்ளையைக் கெடுக்காதே என்று
அம்மா உள்ளிருந்து குரல் கொடுத்தாள்.

அப்புறம் படிப்பு ஓடவில்லை.
பிரபுவின் நீண்ட வசனம்,
இருபத்திரண்டு வரி, மனப்பாடப் பகுதி.
ஒன்பதாம் வரியில் வெளியே
குதிரை கால் மாற்றி நிற்கிறது.
மகள் அழும்போது
ஈரத் தோல்வாரின் வாசனை.
உயில் கிழிகிற சத்தத்துக்கு
ஒருவன் கூரையில்லாத இருக்கையில்
நிமிர்ந்து பார்க்கிறான்.
வசனத்தை மூன்று முறை தொடங்கி
மூன்று முறையும் தெருவுக்குப் போய்விட்டேன்.

வேப்பேரிப் பள்ளி, இரண்டாம் மாடி ஹால்.
என் தலைக்கு மேல் மட்டும் ஓடாத ஃபேன்.
கேள்வி நான்கு:
மூன்றாம் அங்கத்தில் மழையின் பங்கை விளக்குக.
குற்ற உணர்வு என்று எழுதினேன்.
கழுவ முடியாத கறை என்று எழுதினேன்,
அது கைடில் இருப்பது.
ஏழு நிமிடம் மிச்சமிருந்தது.
மழை வெளியே ஒருவன்மீதும் பெய்தது,
அவனுக்குப் பெயரோ வசனமோ இல்லை,
அவன் நனைவதற்கு அர்த்தம் எதுவும் இல்லை,
அவன் நனைந்தான்
என்று எழுதும்போது மணி அடித்துவிட்டது.
முற்றுப்புள்ளி வைத்தேனா, ஞாபகமில்லை.

கேட்டருகே ஷெரின்:
"உயில் கேள்வி வந்துச்சே! அஞ்சும் எழுதினியா?"
நாலு.
தலையில் அடித்துக்கொண்டாள்.
"ப்ரைடுடீ!"

டவுட்டன் சிக்னலில் பஸ் வெகுநேரம் நின்றது.
நாளை மறுநாள் கெமிஸ்ட்ரி.