பின்னணி

ஸ்டூடியோவில் நான் பேசுவது இரண்டே வாக்கியம்.
நேராப் பாருங்க. சிரிக்காதீங்க.
வெள்ளைத் துணிக்கு முன்னால் உட்கார்ந்து
ஏர்வாடியின் பாதிப் பையன்கள்
என்னை முறைத்துவிட்டுத்தான்
விமானம் ஏறினார்கள்.

பூநாரையிடம் இது செல்லாது.
தலையைக் கவிழ்த்து
அலகைத் தலைகீழாகச் சேற்றில் வைத்து
தான் நின்ற இடத்தையே மிதித்துக் கலக்கி
தின்றுகொண்டே இருக்கும்.
நிமிரும் நேரம் எதிரி வந்த நேரம்.

முகூர்த்தம் இல்லாத நாள்களில்
வாடகைக்கு விடும் பெரிய லென்ஸை
யாரும் கேட்காமல் இருந்தால்
எடுத்துக்கொண்டு வாலிநோக்கம் போவேன்.
உப்பளத்துக்குப் பின்னால், கடல் ஏறி மறந்துவிட்டுப் போன நீர்.
உரச்சாக்கை விரித்துக் குப்புறப் படுத்தால்
முதல் ஒரு மணி நேரம் கொசுவுக்கு.
பிறகு உள்ளான்கள் பக்கத்தில் வரும்.
பிறகு, அவசரமே இல்லாமல், அவை.
முப்பது அடி.
அலகு நீரை உறிஞ்சும் சத்தம் கேட்கும்.
அந்த நேரங்களில் பல தடவை
படமெடுக்க மறந்திருக்கிறேன்,
சாத்தையா நம்பமாட்டான்.

மாசி மாதம் நம்புச்செல்வி வந்தாள்.
கல்யாணத்துக்குப் பதினோரு நாள்.
மாப்பிள்ளைக்குச் சிங்கப்பூரில் லீவு குறைவு.
செல்போனில் யாரோ எடுத்த படத்தைக் காட்டி
"இது மாதிரிண்ணே. பின்னாடி எல்லாம்
ஒரே நேரத்துல பறக்கணும்" என்றாள்.
பதினெட்டாயிரம். கடை வாடகை மூன்று மாதம் பாக்கி.
பறக்கும்மா என்றேன்.

காலை ஆறே முக்கால்.
கரையில் அவள் பட்டுப்பாவாடை, அவன் கறுப்புக் கண்ணாடி.
தீபாவளி மிச்சத்தில் ஒரு அணுகுண்டு
சாத்தையாவின் சட்டைப்பையில் இருந்தது.
நான் கையை உயர்த்தினேன்.
நான்தான் உயர்த்தினேன்.

மடித்து ஒளித்து வைத்திருந்த சிவப்பையெல்லாம்
ஒரேயடியாக விரித்துக்கொண்டு எழுந்தன.
வானத்தின் கீழ்ப்பாதி நிறம் மாறியது.
அவள் வாய் பிளந்தாள், நிஜமாகவே,
நான் சொல்லித் தரவில்லை.
ஒரே அழுத்தில் இருபத்தியாறு படம்.
என் வாழ்நாளில் அவ்வளவு நல்ல வெளிச்சம்
இனி வருமா தெரியாது.

பாசி எடுக்கப் படகுக்குப் போனவள் ஒருத்தி
இடுப்பில் சாக்கோடு நின்று
"தின்னுக்கிட்டிருந்ததை எழுப்பிவிட்டு
என்னத்தையப்பா புடிக்கிறீக?" என்றாள்.
சாத்தையா சிரித்தான்.
நான் லென்ஸைத் துடைத்தேன், அது சுத்தமாகத்தான் இருந்தது.

இரவு கணினியில் எண்ணினேன். நாற்பது.
இடது ஓரத்தில் நாற்பத்தொன்றாவது,
இன்னும் நிறம் வராத சாம்பல் குஞ்சு,
பெரிசுகளின் உயரத்துக்குக் காலும் வளராதது,
எழும்பத் தெரியாமல்
நீர்மேல் ஓடிக்கொண்டிருந்தது.
அது படத்தைக் கெடுத்தது.
வெட்டினேன்.

அந்தப் படம் இப்போது
அவள் வீட்டுக் கூடத்தில் மூன்றடிக்கு இரண்டடி.
மண்டபத்து வாசலில் ஃபிளெக்ஸாகவும் நின்றது.
அதைப் பார்த்து இன்னும் இரண்டு ஜோடி கேட்டார்கள்.
டிரைபாட் உடைந்துவிட்டது என்றேன்.
படமெடுக்க டிரைபாட் தேவையில்லை என்பது
அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

ஐந்து முறை போய்விட்டேன்.
உரச்சாக்கு, கொசு, உள்ளான், எல்லாம் அப்படியே.
அவை மட்டும் உப்பளத்துக்கு அப்பால்
சுண்ணாம்புக் கோடு போல நிற்கின்றன.
லென்ஸ் போகும் தூரம்வரை கானல்தான் நெளிகிறது.
பட்டாசு காரணமா, நீர் வற்றியதா,
அவற்றின் கணக்கு எனக்குத் தெரியாது.

நேற்று போன். சிங்கப்பூர் எண்.
நலம் விசாரித்துவிட்டு நம்புச்செல்வி கேட்டாள்:
"அன்னைக்கு ஒண்ணு மட்டும்
எந்திரிக்க முடியாம ஓடுச்சே,
படத்துல காணோமேண்ணே?"

நான் கவனிக்கலையேம்மா என்றேன்.

"தேடிப் பாருங்க. இருந்தா அதை மட்டும் அனுப்புங்க."

தேட வேண்டியதில்லை.
எந்தக் கோப்பு, எந்த எண், எல்லாம் தெரியும்.
திறந்து வைத்திருக்கிறேன், இன்னும் அனுப்பவில்லை.
ஒரு கால் நீருக்குள்,
ஒரு கால் நீருக்கு மேலே.