அரை வரி

'சம்பவம் எவ்வாறு நிகழ்ந்தது?'
படிவத்தில் அதற்கு அரை வரி விட்டிருக்கிறார்கள்.
சிங்களத்தில் கேட்கிறது, சிங்களத்திலேயே எழுதினேன்:
ஊசி குத்தியது.

அரை வரிக்குள் கொள்ளாதவை:
சீனி வருத்தக் கிளினிக் நாள்,
புளுமெண்டல் வீதியில் வெள்ளம் வடியக் காத்திருந்து
எல்லோரும் ஒரேயடியாக ஒன்பது மணிக்கு வந்தது,
மஞ்சள் பெட்டி போன கிழமையே நிறைந்து
புதியது ஸ்டோரிலிருந்து வராமல்
வெட்டிய சேலைன் கேனில் ஊசிகளைப் போட்டது,
துஷாரி பிரசவ லீவில் நின்றது,
கதவடியில் ஒருவர்
"மெற்றில்டா மிஸ், சும்மாவா சம்பளம் எடுக்கிறீங்க" என்று
நான்காம் தரமும் கத்தியது,
நான் திரும்பிப் பார்த்தது.

கையுறை கிழிந்ததுகூடத் தெரியவில்லை.
இடது பெருவிரலில் கடுகளவு சிவப்பு.
குழாயைத் திறந்து ஓடவிட்டேன்.
பிழியக் கூடாது என்றுதான் படித்தது.
பிழிந்தேன்.

எவருடைய ஊசி என்பதற்கு இன்னொரு கட்டம்.
கேனுக்குள் பதினொரு ஊசி,
கொப்பியில் பதினொரு பெயர்.
துறைமுகத்தில் மூட்டை தூக்கிய செபமாலை,
இரண்டு வீட்டில் சமைக்கிற ஜெய்னம்பு,
மீன் வாசத்தோடு வந்த சோமதாச,
பெயர் என்னவென்று கேட்டதும்
சற்று யோசித்துச் சொன்ன அந்தப் பொடியன்.
'தெரியாது' என்று எழுதினேன்.

பெரியாஸ்பத்திரியில் மாத்திரை தந்தார்கள், இருபத்தெட்டு நாளுக்கு.
ஆறாம் கிழமை ஒருக்கா, மூன்றாம் மாதம் ஒருக்கா
இனி என் இரத்தம் எடுபடும்.
இன்று எடுத்த பிள்ளைக்குக் கை நடுங்கியது.
"மெதுவா, தங்கச்சி. ஊசிக்குத் திரும்ப மூடி போடாதே."

வீட்டில் சொன்னது, குடல்புண் மாத்திரை என்று.
மட்டக்குளி பஸ்ஸில் குமட்டும்போது
அதை நானே நம்பினேன்.
பல் பிரஷ் அலுமாரிக்குள் இருக்கிறது.
மகள் நகவெட்டியைத் தேடுகிறாள்,
அது என் கைப்பையில்.
ரொபின்சன் பக்கத்தில் வந்து படுத்தால்
முதுகு நோகுது என்கிறேன்.
பொய்யும் இல்லை.
ஒன்பது வருசமாக நோகிறது,
அதற்குப் படிவமே கிடையாது.

அடுத்த மாதக் கிளினிக்குக்குப்
பதினொருவரில் ஒன்பது பேர் வந்தார்கள்.
ஒவ்வொருவர் கண்ணிலும் மஞ்சள் தேடினேன்,
கைமாற்றுக் கொடுத்தவர் தெருவில் பார்ப்பதுபோல.
ஜெய்னம்பு இருமினார்.
முகக்கவசத்தை மூக்கோடு அழுத்திக்கொண்டு
எத்தனை நாளாக இருமல் என்று கேட்டேன்.
முன்பெல்லாம் கேள்வி முதலில் வரும்.

செபமாலை சட்டைக் கையை மடித்து நீட்டினார்.
"போன முறை குத்தினது ஒரு கிழமை
நீலமாக் கிடந்தது மிஸ்.
பரவாயில்லை, இந்த முறை மற்றக் கை."

புதிய மஞ்சள் பெட்டி வந்திருக்கிறது.
ஒன்று.
முக்கால் பங்கில் கோடு,
அதற்குமேல் நிரப்பக் கூடாதாம்.
வாசலில் நாற்பது பேர்.
எனக்கு இன்னும் அறுபத்திரண்டு நாள்.

மற்றக் கையில் பட்டியை இறுக்கி
நரம்பைத் தடவுகிறேன்.
"முஷ்டியைப் பொத்துங்க" என்றதும்
அவரோடு சேர்ந்து
நானும் பொத்துகிறேன்.