டிக்கெட்டின் பின்பக்கம்

ஓய்வு பெற்று இருபத்திரண்டு மாதம் கழித்து
பணப்பலன் வந்தது.
குறுஞ்செய்தியை இரண்டு தடவை படித்தேன்,
கண்ணாடி போட்டு இன்னொரு தடவை.
முப்பத்தொரு வருடம் ஊர்ப் பணத்தை
எச்சில் தொட்டு எண்ணிய விரலுக்கு
இதில் வேலை எதுவும் இல்லை.

சேதி அன்று இரவே சென்னையை எட்டிவிட்டது.
மூத்தவன் குத்தாலிங்கம் கூப்பிட்டான்.
அடுக்குமாடிக்கு முன்பணம்,
"கடனாத்தாம்ப்பா."
திசையன்விளையில் மகள் ஒன்றும் கேட்கவில்லை.
மருமகன்தான் கேட்டார்,
அங்கே மழை உண்டா என்று,
இரண்டு முறை.

பிச்சக்கண்ணு டிரைவர் நினைவுக்கு வந்தார்.
பாபநாசம் வண்டியில் பதினாலு வருடம்
அவர் முதுகைப் பார்த்து விசில் அடித்தவன் நான்.
வீடு, வயல், எல்லாவற்றையும்
மகன் பேருக்கு எழுதிக்கொடுத்துவிட்டு
இப்போது வண்ணார்பேட்டை மெஸ்ஸில் மாதக் கணக்கு.
"மகன் நல்லவன்தான் வே" என்கிறார்,
ரசத்துக்குக் கை நீட்டியபடி.

கே.டி.சி. நகர் வீட்டில்
பழைய இன்வாய்ஸ் தாளின் வெற்றுப் பக்கத்தில்
கோடு போட்டு உட்கார்ந்தேன்.
அஞ்சலகத்தில் இவ்வளவு, வங்கியில் இவ்வளவு,
ஆஸ்பத்திரிக்கென்று யாரும் தொடக்கூடாதது இரண்டு லட்சம்.
காப்பீட்டுத் தாள் பரணில், வெங்கலப் பானைக்குள்.
சொசைட்டிக் கணக்கில் நாமினி
இன்னும் அம்மா.
அம்மா போய் பத்தொன்பது வருடம்.

உலகம்மாள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.
"நீங்க போயிட்டா பென்ஷன்?"
"உனக்குப் பாதி வரும்."
"அரை டிக்கெட்டா?"

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அரை டிக்கெட்டுக்கு சீட் கிடையாதுன்னு
நீங்கதான பிள்ளைகள எழுப்பி விடுவீங்க?
மடியில வச்சுக்கிடுங்கன்னு சொல்லுவீங்களே.
நான் யார் மடியில போய் உக்கார?"

பத்திர எழுத்தர் தந்த உயில் மாதிரி
மேசையில் கிடந்தது.
என் மனைவி தன் ஆயுள்வரை மேற்படி வீட்டில்
குடியிருந்துகொள்ள வேண்டியது,
அதன்பின் என் மக்கள் சர்வ சுதந்திரமாய்
ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது.

குடியிருந்துகொள்ள.

இந்த மனையை வாங்கிய தொண்ணூற்றாறில்
அவள் கழுத்தில் மிஞ்சியது மஞ்சக்கயிறு.
பதினோரு பவுன்.
சீக்கிரம் மீட்டுத் தாரேன் என்று சொன்னது நான்தான்.

கையில் சில்லறை இல்லாதபோது
டிக்கெட்டின் பின்பக்கம் பாக்கியை எழுதிக்கொடுப்போம்.
இறங்கும்போது கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.
கேட்கிறவர்கள் கேட்பார்கள்.
சேரன்மகாதேவியில் தூக்கக் கலக்கத்தோடு இறங்குகிறவர்கள்,
கைப்பிள்ளைக்காரிகள்,
மறந்துபோவார்கள்.
கூப்பிட்டுக் கொடுத்ததும் உண்டு.
விசில் அடித்ததும் உண்டு.

திங்கட்கிழமை சார்பதிவாளர் அலுவலகத்தில்
எங்கள் டோக்கன் பதினேழு.
உயில் இல்லை, செட்டில்மென்ட்.
அன்றைய தேதியிலேயே வீடு அவள் பேருக்கு,
ஆயுள்வரை என்ற சொல் எங்கும் வராமல்.
எழுத்தர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.
"பிள்ளைகளுக்குத் தெரியுமா?"
"தெரியும்போது தெரியட்டும்."
அவருக்கு அது பிடிக்கவில்லை. கட்டணம் மட்டும் குறையவில்லை.

கருவி அவள் பெருவிரலை மூன்று முறை மறுத்தது.
நாலாவது முறை ஏற்றுக்கொண்டது.

திரும்பும்போது டவுன் பஸ்.
ஜன்னலோரம் அவள், மடியில் மஞ்சள் பை.
அவளுக்குக் கட்டணமில்லை, எனக்கு உண்டு.
ஐம்பது ரூபாயை நீட்டினேன்.
கண்டக்டர் பையன் புதுசு, மீசை இப்போதுதான்.
"மீதி இறங்கும்போது வாங்கிக்கிடுங்க சார்."

நான் தலையாட்டினேன், பழக்கதோஷம்.
அவள் ஜன்னலை விட்டுத் திரும்பினாள்.
"இப்பமே குடுத்துருங்க தம்பி."