சிமிட்டும் இரண்டு

டாஷ்போர்டில் நான்கு சக்கரங்களுக்கு
நான்கு பச்சைப் பொட்டுகள்.
பின்னிரண்டும் அசையாமல் எரிந்தன.
முன்னிரண்டும் சிமிட்டிக்கொண்டே இருந்தன,
விடை தெரியாமல் கை தூக்கிவிட்ட பையன்கள் போல.

நரின் நகரத்து மெக்கானிக்
குனிந்துகூடப் பார்க்கவில்லை.
டிரான்ஸ்ஃபர் கேஸ் போய்விட்டது என்றான்.
நாற்பதாயிரம் சோம். அதுவும் பழையது.
"தொட்டுப் பார்த்தாயா?" என்றாள் பெர்மெட்.
அவன் சிரித்தான்.
தொடாமல் மருந்து எழுதுகிறவர்களைப்
பதினாறு வருஷமாக அவளுக்கு ஆகாது.

அவள் எங்கள் பள்ளத்தாக்கின் மருத்துவ உதவியாளர்.
ஏழு குளிர்காலக் குடியிருப்புகள்,
ஒரு கணவாய், ஒரு கிழட்டு பஜேரோ.
நான் கணக்கு வாத்தியார்.
டார்ச் பிடிப்பவன்.

ஞாயிறு. மைனஸ் பத்தொன்பது.
கொட்டகையில் சாணி எரியும் இரும்படுப்பு,
எங்களை முறைக்கும் நாலு ஆடுகள்.
"லீவரைத் தள்ளு."
தள்ளினேன்.
வண்டியின் வயிற்றுக்குள் டக் என்று ஏதோ உட்கார்ந்தது.
"கேஸ் உயிரோடுதான் இருக்கிறது."
நாற்பதாயிரம் சோம் என் சட்டைப்பைக்குத்
திரும்பி வந்த சத்தம் அது.
வாய் திறக்காமல் இருந்தேன்.

அடியில் ஊர்ந்து போனாள்.
முன் அச்சைப் பூட்டுவது ஒரு தகரக் குடுவை,
காளான் அளவு. காற்றை உறிஞ்சினால்
அதன் கம்பி நகர வேண்டும்.
குழாயைப் பிடுங்கிவிட்டு
குடுவையின் முனையில் வாய் வைத்து இழுத்தாள்.
நாக்கால் அடைத்தாள்.
கம்பி நகர்ந்தது. நின்றது.
நான் முப்பது எண்ணும்வரை நின்றது.
கிரீஸைத் துப்பிவிட்டுச் சொன்னாள்:
"இவனுக்கு ஒன்றுமில்லை.
மூச்சுதான் வந்து சேரவில்லை."

ஸ்டெதஸ்கோப்பின் வட்டத்தைக் கழற்றி,
வெறுங்குழலை எஞ்சின் ஓரமாக நடத்தினாள்,
சாண் சாணாக,
கண்ணை மூடிக்கொண்டு.
பேட்டரித் தட்டுக்குக் கீழே நின்றாள்.
எனக்கும் ஒரு காதைத் தந்தாள்:
பல்லிடுக்கில் இழுக்கிற மாதிரி ஒரு ஸ்ஸ்ஸ்.
ரப்பர் வளைகிற இடத்தில் நகக்கண் அளவு வெடிப்பு,
நிமிர்த்தினால் மூடிக்கொள்ளும் திருட்டு வெடிப்பு.
"வெளிச்சம் அங்கே. என் முகத்தில் இல்லை."

டிரிப் ஏற்றும் குழாயை வெட்டி மாட்டினோம்.
ஸ்டார்ட் செய்தேன்.
சிமிட்டல். சிமிட்டல்.
எட்டிப் பார்த்தால்
குழாய் நாடாவாகத் தட்டையாகிக் கிடந்தது.
"சுவர் மெல்லிசு," என்றேன். "வெளிக்காற்று நசுக்குகிறது."
அன்று முதல் தடவையாக
என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

பிறகு தன் பெட்டியைப் பார்த்தாள்.
அதில் கால்பம்புக்குரிய உறிஞ்சுகுழாய் இருந்தது.
தடித்த சுவர். உறிஞ்சுவதற்கென்றே செய்தது.
ஒன்றே ஒன்று.
அழாமல் பிறக்கிற குழந்தைகளின்
தொண்டையைத் துடைப்பது அது.
கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு
வெகுநேரம் நின்றாள்.
ஆடு ஒன்று தும்மியது.
இரண்டு முறை அளந்தாள். மூன்றாவது முறை
என்னை அளக்கச் சொன்னாள்.
பதினெட்டு சென்டிமீட்டர்.
ஒரு மில்லிகூட அதிகம் வெட்டவில்லை.
மிச்சம் பம்புக்கு எட்டுகிறதா என்று
மாட்டிப் பார்த்தபிறகே
வண்டிப் பக்கம் வந்தாள்.
எட்டியது. இழுத்துப் பிடித்தால்.

முற்றத்தில் பத்தடி உருட்டினாள்.
சிமிட்டல்,
சிமிட்டல்,
நின்றது.
நான்கு பச்சை.
நான் கத்தினேன். அவள் ஹாரன் அடித்தாள்.

ராத்திரி பொருள் பதிவேட்டில் எழுதினாள்:
உறிஞ்சுகுழாய், 18 செ.மீ.
நோயாளி: பஜேரோ, வயது 27.
காரணம்: சுவாசக் கோளாறு.
மாவட்டத்தில் யாரும் இதைப் படிப்பதில்லை என்றாள்.

திங்கள் விடியுமுன் கிளம்பிவிட்டாள்.
பனியில் இரண்டே கோடுகள்.
முன்சக்கரம் போட்ட தடத்திலேயே பின்சக்கரமும்.
குந்தி உட்கார்ந்து பார்த்தேன்.
எது இழுத்தது, எது இழுபட்டது,
தடத்தை வைத்து நிரூபிக்க வழியில்லை.
கணவாய்ப் பக்கம் எஞ்சின் கியர் மாற்றியது.
ஏறியது.
என் கையில் டார்ச்
இன்னும் எரிந்துகொண்டிருந்தது.